வீகன் உணவு, ஒத்துக்கொள்ளாத வயிறு, குறைய வேண்டிய எடை: எதை முதலில் செய்வது?

பால், முட்டை, இறைச்சி கிடையாது. கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்புகிறது. பருப்பு சாப்பிட்டால் வாயு. வெங்காயமும் பூண்டும் சேர்ந்துவிட்டால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் போச்சு. இதற்கு நடுவில் எடையும் குறைய வேண்டும். இப்படி ஒரு நிலையில் நீங்கள் இருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

நான் மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்கினேன். வீகனுக்கு மாறினேன், சந்தேகப்பட்ட உணவுகளையெல்லாம் நிறுத்தினேன், சாப்பாட்டின் அளவையும் பாதியாகக் குறைத்தேன். முதல் மாதம் நான்கு கிலோ இறங்கியது. மூன்றாவது மாதம் முடி கொட்ட ஆரம்பித்தது, படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஆறாவது மாதத்தில் இறங்கிய எடை அத்தனையும் திரும்பி வந்துவிட்டது. வயிற்று உப்புசம் மட்டும் ஒரு நாள்கூட விடவில்லை. அப்புறம் வரிசையை மாற்றி மறுபடி தொடங்கினேன்: முதலில் வயிறு, அடுத்து சத்து, கடைசியாக எடை. பதினொரு மாதத்தில் 9 கிலோ குறைந்தது, அது இன்றுவரை திரும்பவில்லை. அந்த வரிசையைத்தான் கீழே தருகிறேன்.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள், பட்டினி கிடப்பது, அளவின்றிச் சாப்பிடுவது போன்ற உணவுக் கோளாறு நோய் முன்பு இருந்தவர்கள், சர்க்கரைக்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர்கள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் இதை மருத்துவரின் கண்காணிப்பில்லாமல் செய்யக் கூடாது. சர்க்கரை மருந்தின் அளவை மாற்றாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்து போகலாம்.

1. அலர்ஜியா, ஒத்துக்கொள்ளாமையா?

இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறோம், ஆனால் இரண்டும் வேறு. அலர்ஜி என்பது உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் ஒரு உணவை எதிரியாக நினைத்துத் தாக்குவது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிக்கும், மூச்சு இறுகும். துளி போதும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஒத்துக்கொள்ளாமை பெரும்பாலும் செரிமானம் சம்பந்தப்பட்டது. கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, அளவு கூடினால் உப்புசம், வலி, வயிற்றுப்போக்கு. சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ கூடத் தெரியும்.

வேர்க்கடலையோ சோயாவோ சாப்பிட்டு ஒரு தடவையாவது உதடு வீங்கியிருந்தால், கீழே நான்காவது படியில் சொல்லியிருக்கும் சோதனையை அந்த உணவை வைத்து வீட்டில் செய்யவே செய்யாதீர்கள். அலர்ஜி மருத்துவரிடம் போங்கள்.

2. எதையும் நிறுத்தாதீர்கள், முதலில் பரிசோதனை

நான் செய்த பெரிய தவறு இங்கேதான். கோதுமையை நிறுத்தி நான்கு மாதம் ஆன பிறகு சீலியாக் பரிசோதனைக்குப் போனேன். முடிவு இயல்பாக வந்தது. அதை நம்பி நிம்மதியாகவும் இருந்தேன். இன்னொரு மருத்துவர்தான் அந்தக் காகிதத்துக்கு அர்த்தமே இல்லை என்று விளக்கினார். சீலியாக் என்பது கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் பட்டால் சிறுகுடலின் உட்சுவர் சேதமாகும் நோய். ரத்தத்தில் தேடுவது குளூட்டனுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருளை. குளூட்டனே சாப்பிடாதவர் ரத்தத்தில் அது மெல்ல மெல்லக் குறைந்துவிடும். அதனால் பரிசோதனைக்கு முன் குறைந்தது ஆறு வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல், கோதுமையோ பார்லியோ சேர்ந்த உணவைச் சாப்பிட்டிருக்க வேண்டும். நான் மறுபடியும் ஆறு வாரம் ரொட்டி சாப்பிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு அது வேண்டாம்.

கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனைகள் இவை:

சீலியாக்குக்கு டிடிஜி-ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனை, கூடவே மொத்த ஐஜிஏ (ஒரு வகை எதிர்ப்புப் பொருள்) அளவு. சிலருக்கு ஐஜிஏ பிறவியிலேயே குறைவு, அவர்களுக்கு முதல் பரிசோதனை தவறாக இயல்பு என்று காட்டும். அதனால் இரண்டும் சேர்ந்தே எடுக்க வேண்டும். இது நேர்மறையாக வந்தால் பெரும்பாலும் எண்டோஸ்கோப்பி செய்து குடலில் சதைத்துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். அது முடியும்வரை கோதுமையை நிறுத்தக் கூடாது.

அடுத்து ரத்த அணுக்கள் எண்ணிக்கை, ஃபெரிட்டின் (உடலில் சேமித்திருக்கும் இரும்பைக் காட்டுவது), பி12, வைட்டமின் டி, தைராய்டுக்கு டிஎஸ்எச், ரத்தச் சர்க்கரை. தைராய்டு சுரப்பு குறைவாக இருந்தால் எடை இறங்குவது கடினம், மலச்சிக்கலும் சேர்ந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ளாமல் உணவையே மாற்றி மாற்றிப் பார்த்தால் மாதங்கள் வீண்.

இனி, பணத்தைப் போடக் கூடாத இடம். ஒரு சொட்டு ரத்தம் கொடுத்தால் நூறு, இருநூறு உணவுகளில் எது ஒத்துக்கொள்ளாது என்று பட்டியல் தருவதாகச் சொல்லும் ஐஜிஜி (இன்னொரு வகை எதிர்ப்புப் பொருள்) பரிசோதனைகள் விற்கின்றன. அலர்ஜி மருத்துவ அமைப்புகள் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கின்றன. ஐஜிஜி காட்டுவது அந்த உணவை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான், ஒத்துக்கொள்ளவில்லை என்பதை அல்ல. எனக்கு வந்த பட்டியலில் 31 உணவுகள் சிவப்பில் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை நான் தினமும் சாப்பிட்டவை. அதை நம்பி பாதாமையும் அரிசியையும்கூட நிறுத்தினேன். அந்தப் பணத்தில் ஒரு நல்ல உணவியல் நிபுணரை மூன்று தடவை பார்த்திருக்கலாம். தலைமுடியை வைத்துப் பார்க்கும் பரிசோதனையும் இதே ரகம்தான்.

ஒரு கோப்பு தொடங்குங்கள். பரிசோதனை முடிவுகள் தேதி வாரியாக, எடுக்கும் மருந்துகளின் பட்டியல், அடுத்த படியில் வரும் குறிப்பேடு, இந்த மூன்றும் அதில் இருந்தால் போதும். புதிய மருத்துவரிடம் போகும்போது அதே பரிசோதனைக்கு இரண்டாவது முறை பணம் கட்ட வேண்டியிருக்காது.

மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, காரணமில்லாமல் எடை இறங்குவது, ரத்தசோகை இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள். அது உணவுப் பிரச்சினை என்று நீங்களே முடிவு கட்டக் கூடாது.

3. இரண்டு வாரம் எழுதுங்கள்

பரிசோதனை முடிவுகள் வரும் நேரத்தில் இதைச் செய்துவிடலாம். எதையும் மாற்றாமல், வழக்கம்போலச் சாப்பிட்டு, எழுதுங்கள். நேரம், என்ன சாப்பிட்டோம், எவ்வளவு, அறிகுறி எப்போது வந்தது, பத்துக்கு எத்தனை வலி. தூக்கமும் மாதவிடாய் நாட்களும் மன அழுத்தமும்கூட எழுதுங்கள், மூன்றுமே குடலை ஆட்டிவைக்கும்.

கூடவே ஒரு அளவு நாடாவை எடுத்து, காலையில் எழுந்ததும் ஒரு தடவை, ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை, தொப்புள் மட்டத்தில் சுற்றளவு எடுங்கள். எனக்குக் காலையில் 86 சென்டிமீட்டர், ராத்திரி 91. ஒரே நாளில் ஐந்து சென்டிமீட்டர் கொழுப்பு யாருக்கும் சேராது. தொப்பை என்று நினைத்து நான் பட்டினி கிடந்ததில் பாதி, காற்றோடு நடத்திய சண்டை. நாடாவைப் பார்த்த அன்றுதான் அது எனக்குப் புரிந்தது.

4. விலக்கிப் பார்ப்பது, திரும்பச் சேர்ப்பது

சீலியாக் இல்லை, அலர்ஜி இல்லை, ஆனாலும் உப்புசமும் வலியும் இருக்கிறது என்றால் பெரும்பாலும் சந்தேகிக்க வேண்டியது ஃபோட்மேப் எனப்படும் சர்க்கரை வகைகளை. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய முறை இது. சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத இந்தச் சர்க்கரைகள் தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகின்றன, அங்கே பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்க வைக்கும்போது வாயு உண்டாகிறது. வெங்காயம், பூண்டு, கோதுமையில் ஃப்ரக்டான் என்ற வகை. பருப்பு, பயறு, கொண்டைக்கடலையில் இன்னொரு வகை. மாம்பழத்தில் கூடுதலான ஃப்ரக்டோஸ். காளான், காலிஃபிளவரில் மானிட்டால். பாலில் இருக்கும் லாக்டோஸ் பிரச்சினை வீகனுக்கு ஏற்கெனவே இல்லை, அது ஒரு வேலை மிச்சம்.

விலக்கும் காலம் இரண்டு முதல் ஆறு வாரம். அதற்கு மேல் நீட்டக் கூடாது. இதுதான் இந்தப் படியில் பலரும் விழும் குழி. வயிறு லேசானதும் ‘இப்படியே இருந்துவிடலாமே’ என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஒதுக்கிய உணவுகளில்தான் வீகனுக்கு வேண்டிய புரதமும், குடல் பாக்டீரியாக்களுக்கு வேண்டிய நாரும் இருக்கின்றன. வீகன் ஒருவர் பருப்பு வகைகளை மொத்தமாக நிறுத்திவிட்டால் தட்டில் மிஞ்சுவது அரிசியும் உருளைக்கிழங்கும்தான்.

விலக்கும் வாரங்களில் புரதத்துக்கு: கெட்டி டோஃபு (சோயாப் பாலைத் திரித்த கட்டி), டெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), வேர்க்கடலை, கினோவா (தானியம்போலச் சமைக்கும் ஒரு விதை), கால் கப் அளவுக்கு டின்னில் வரும் பருப்பு. டின் பருப்பைத் தண்ணீரில் நன்றாக அலசிவிட வேண்டும், அந்தச் சர்க்கரை தண்ணீரில் கரைவது. அதே காரணத்தால் கெட்டி டோஃபு ஒத்துக்கொள்ளும், மென்மையான சில்க் டோஃபு பலருக்கு ஒத்துக்கொள்ளாது. கெட்டி டோஃபுவில் தண்ணீரைப் பிழிந்து எடுத்துவிடுகிறார்கள். பூண்டு வாசனை இல்லாமல் சாப்பிட முடியாதவர்களுக்கு ஒரு வழி: பூண்டுப் பல்லை எண்ணெயில் வதக்கி, பல்லை எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயைப் பயன்படுத்துங்கள். ஃப்ரக்டான் எண்ணெயில் கரையாது. அந்த எண்ணெயை அன்றன்றைக்குச் செய்துகொள்ளுங்கள், ஜாடியில் போட்டு வெளியில் வைத்திருந்தால் நஞ்சு உண்டாக்கும் கிருமி வளர வாய்ப்புண்டு. வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியும் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும்.

திரும்பச் சேர்ப்பதுதான் உண்மையான சோதனை. ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். முறை இப்படி:

ஒரு தடவைக்கு ஒரு உணவு மட்டும். முதல் நாள் கொஞ்சம், இரண்டாம் நாள் அதைவிடக் கூட, மூன்றாம் நாள் நீங்கள் சாதாரணமாகச் சாப்பிடும் அளவு. அப்புறம் இரண்டு மூன்று நாள் இடைவெளி. அறிகுறி வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி, அடங்கும்வரை காத்திருந்து, அடுத்த உணவுக்குப் போங்கள். ஒன்றைச் சோதிக்கும்போது மற்றவை எல்லாம் விலக்கிலேயே இருக்க வேண்டும். ஃப்ரக்டானை மட்டும் ஒரே உணவை வைத்து முடிவு கட்டாதீர்கள். கோதுமை ரொட்டி, வெங்காயம், பூண்டு மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். எனக்கு இரண்டு துண்டு ரொட்டி ஒன்றும் செய்யவில்லை, அரை வெங்காயம் கவிழ்த்துவிட்டது. கோதுமையே எதிரி என்று ஒன்றரை வருடம் நம்பியிருந்தேன், உண்மையில் அதோடு சேர்ந்து வந்த வெங்காயம்தான்.

முடிவில் உங்களிடம் ‘ஆகும், ஆகாது’ என்ற பட்டியல் இருக்காது, ‘எவ்வளவு ஆகும்’ என்ற பட்டியல்தான் இருக்கும். கொண்டைக்கடலை கால் கப் சரி, ஒரு கப் ஆகாது. அப்படி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பருப்பு வகைகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் கைவிடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாக வேகவையுங்கள். இரண்டு ஸ்பூனில் தொடங்கி வாரத்துக்கு வாரம் கூட்டுங்கள். ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் என்ற நொதி மாத்திரையைச் சாப்பாட்டின் முதல் வாயோடு எடுத்தால் பலருக்கு வாயு குறைகிறது, வாங்கும்போது அதன் உறை விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டினா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, சிவப்பு ராஜ்மா சரியாக வேகாமல் சாப்பிட்டால் யாருக்குமே வாந்தி, வயிற்றுப்போக்கு வரும், அதில் இயற்கையாகவே ஒரு நச்சு இருக்கிறது. குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவென்று கொதித்து, மசியும்வரை வெந்திருக்க வேண்டும். மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரத்தில் நேராகப் போடாதீர்கள். வேகாத ராஜ்மாவைச் சாப்பிட்டுவிட்டு எனக்குப் பயறே ஆகாது என்று முடிவுக்கு வந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

5. எடையைத் தொடுவதற்கு முன் புரதம்

சாப்பாட்டைக் குறைக்கும்போது உடல் கொழுப்பை மட்டும் எரிப்பதில்லை, தசையையும் சேர்த்து எரிக்கும். அதைத் தடுப்பது இரண்டு: போதுமான புரதம், பளு தூக்கும் பயிற்சி. எடை குறைக்கும் காலத்தில் ஒரு கிலோ உடல் எடைக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எடை ரொம்பக் கூடுதலாக இருப்பவர்கள், அடைய நினைக்கும் எடையை வைத்துக் கணக்கிடலாம். 70 கிலோ என்றால் குறைந்தது 84 கிராம்.

வீகனுக்கு இது தானாக வந்துவிடாது, திட்டம் போட வேண்டும். என் சாதாரண நாள் ஒன்று: காலையில் 50 கிராம் ஓட்ஸ் (6 கிராம் புரதம்), அதில் கலந்த 30 கிராம் பட்டாணிப் புரதப் பொடி (22). மதியம் 200 கிராம் கெட்டி டோஃபு (ஏறக்குறைய 26, பிராண்டுக்குப் பிராண்டு மாறும்). மாலையில் 100 கிராம் டெம்பே (19). ராத்திரி வெந்த பருப்பு 150 கிராம் (13). கூட்டினால் 86. சோறும் காய்கறியும் இதற்கு மேல்தான்.

சோயா ஆகாதவர்களுக்கு வழி குறுகும், ஆனால் அடைபடாது. பட்டாணிப் புரதம், அலசிய டின் பருப்பு, கினோவா. கோதுமை ஒத்துக்கொள்ளும் என்றால் சைட்டான், அது முழுக்க முழுக்க கோதுமைப் புரதம், அதனால் சீலியாக் உள்ளவர் பக்கத்தில்கூடப் போகக் கூடாது. பூசணி விதையிலும் ஹெம்ப் எனப்படும் சணல் விதையிலும் 100 கிராமுக்கு 30 கிராம் அளவில் புரதம் உண்டு, ஆனால் கலோரி 550-க்கு மேல். அவற்றைத் தூவிக்கொள்ளலாம், அவற்றையே நம்பி இருக்க முடியாது.

செலவைப் பற்றி ஒரு கணக்கு. கடையில் விலையைப் பார்க்காதீர்கள், விலையைப் பாக்கெட்டில் உள்ள மொத்தப் புரத கிராமால் வகுத்துப் பாருங்கள். காய்ந்த பருப்பும் சோயா உருண்டையும் எப்போதும் மலிவாக வரும். சோயா உருண்டையில் காய்ந்த நிலையில் பாதிக்குப் பாதி புரதம், ஆனால் உப்புச வயிற்றுக்கு எளிதல்ல, கொஞ்சமாகத் தொடங்குங்கள். வீகன் பர்கர், வீகன் சாசேஜ் போன்றவை இந்தக் கணக்கில் பெரும்பாலும் கடைசியில்தான் வரும்.

6. மாத்திரைகள்

பி12 விஷயத்தில் விவாதமே வேண்டாம். தாவர உணவிலிருந்து அது நம்பகமாகக் கிடைக்காது. ஸ்பைருலினா என்ற பாசிப் பொடியில் இருப்பது பெரும்பாலும் நம் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். தினமும் குறைந்தது 10 மைக்ரோகிராம், அல்லது வாரத்துக்கு 2000 மைக்ரோகிராம் மாத்திரை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அந்த மருந்தும் பி12-ஐக் குறைக்கும். விலை குறைந்த மாத்திரை இது, தள்ளிப் போட்டால் நரம்புக்கு வரும் சேதம் சில சமயம் சரியாகாமலே போகலாம்.

வைட்டமின் டி, இரும்பு இரண்டும் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான். இரும்பு மாத்திரையைத் தேவையில்லாமல் எடுத்தால் மலச்சிக்கல் கூடும், உப்புசம் கூடும். உணவில் இருக்கும் இரும்பு உடம்பில் சேர எலுமிச்சையோ வேறு வைட்டமின் சி உள்ளதோ சேர்த்துக்கொள்ளுங்கள், டீ காபியைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். அயோடினுக்கு அயோடின் கலந்த உப்பு. கால்சியத்துக்கு கால்சியம் சேர்த்த தாவரப் பால், குலுக்கிவிட்டு ஊற்ற வேண்டும், அடியில் தங்கிவிடும். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் இரும்பு, கால்சியம் மாத்திரைகளிலிருந்து நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள்.

7. இப்போதுதான் எடை

வயிறு அடங்கி, புரதம் தினமும் சேர்ந்து, மாத்திரை பழக்கமான பிறகு, நீங்கள் இப்போது சாப்பிடும் அளவிலிருந்து ஏறக்குறைய 500 கலோரி குறையுங்கள். தொடக்கத்தில் வாரத்துக்கு அரை கிலோ போல இறங்கும், போகப் போக மெதுவாகும். வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் வேகம் அதிகம், பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு கூடும். முதல் வாரத்தில் இரண்டு கிலோ போனால் மகிழ்ந்துவிட வேண்டாம், அதில் பெரும்பகுதி தண்ணீர்.

எங்கிருந்து குறைப்பது? காய்கறியிலோ பருப்பிலோ கை வைக்காதீர்கள். கொழுப்பில் ஒரு கிராமுக்கு 9 கலோரி, புரதத்திலும் மாவுச்சத்திலும் 4. வீகன் சமையலில் கலோரி மறைந்திருக்கும் இடங்கள் எண்ணெய், தேங்காய்ப் பால், கொட்டைகள், அவற்றை அரைத்த வெண்ணெய், முந்திரியில் செய்த சீஸ். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி.

சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள், இந்த முழுக் காரியத்திலும் அதைவிட உபயோகமான செலவு இல்லை. வேர்க்கடலை வெண்ணெய் ஜாடியைத் தராசில் வைத்து, பூஜ்ஜியத்தை அழுத்தி, நான் வழக்கமாக எடுக்கும் ‘ஒரு ஸ்பூனை’ எடுத்தேன். ஸ்பூனுக்கு மேல் கோபுரம் மாதிரி நின்றது. திரையில் மைனஸ் 34. லேபிளில் ஒரு கரண்டி என்பது 16 கிராம், 95 கலோரி. நான் ஒரு கரண்டி என்று எழுதி வைத்தது உண்மையில் 200. காலை ஒன்று, மாலை ஒன்று, ஆக 400. கணக்கில் எழுதியது 190 மட்டும், அதனால் நான் குறைத்ததாக நினைத்த 500-ல் 210 இந்த வெண்ணெயாகவே திரும்பி உள்ளே போயிருந்தது. எல்லாவற்றையும் ஆயுள் முழுக்க எடை போட வேண்டாம். ஒரு மாதம் போட்டால் கண்ணுக்கு அளவு பழகிவிடும்.

நாரை ஒரே நாளில் கூட்டாதீர்கள், வாரத்துக்கு ஐந்து கிராம் போலக் கூட்டுங்கள், தண்ணீரையும் கூட்டுங்கள். பச்சைக் காய்கறியைப் பெரிய கிண்ணம் நிறையச் சாப்பிட்டு எடை குறைப்பது உப்புச வயிற்றுக்கு ஆகாத வேலை. வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

வாரத்தில் இரண்டு நாள் பளு தூக்கும் பயிற்சி, 150 நிமிட வேக நடை. சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடந்தால் வாயுவும் நகரும்.

8. லேபிளில் பார்க்க வேண்டியவை

‘வீகன்’ என்று எழுதியிருப்பதால் அலர்ஜிக்குப் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. பால் கலந்திருக்கலாம் என்ற எச்சரிக்கை அதே பாக்கெட்டிலேயே சின்ன எழுத்தில் இருக்கலாம். பால் புரத அலர்ஜி உள்ளவர்கள் அதையும் வாசிக்க வேண்டும். சாதாரண சோயா சாஸில் கோதுமை உண்டு, மால்ட் என்றால் பார்லி. ஓட்ஸில் இயல்பாகக் குளூட்டன் இல்லை, ஆனால் ஆலையில் கோதுமையோடு கலந்துவிடும், சீலியாக் உள்ளவர்கள் குளூட்டன் இல்லாதது என்று குறிப்பிட்ட ஓட்ஸையே வாங்க வேண்டும், அதையும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும்.

வீகன் புரத பார்கள் என்னை மூன்று மாதம் ஏமாற்றின. முன்பக்கத்தில் சர்க்கரை குறைவு, நார் அதிகம். பின்பக்கத்தில் நான்காவது இடத்தில் சிக்கரி வேர் நார், அதற்கும் கீழே சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் மால்டிட்டால். சிக்கரி வேர் நார் என்பது இனுலின், அதாவது வெங்காயத்தில் இருக்கும் அதே ஃப்ரக்டான் குடும்பம். மால்டிட்டால், சார்பிட்டால், சைலிட்டால் எல்லாம் குடலில் தண்ணீரை இழுக்கும். வெங்காயத்தைத் தவிர்த்துவிட்டு, பாக்கெட்டில் அதையே வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

குளூட்டன் இல்லாத பிஸ்கட், ரொட்டி எடை குறைக்காது. பலவற்றில் நார் குறைவு, கொழுப்பும் சர்க்கரையும் கூடுதல், விலையும் கூடுதல். அரிசி, சோளம், உருளைக்கிழங்கு, சிறுதானியம் இவற்றில் இயல்பாகவே குளூட்டன் கிடையாது.

9. எடை நின்றுவிட்டால்

தினமும் காலையில், கழிவறை போய்வந்த பிறகு, எதுவும் குடிக்கும் முன் எடை பாருங்கள். ஒரு நாள் எண்ணைப் பார்க்காமல் வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். மலச்சிக்கல், உப்பு கூடிய சாப்பாடு, மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள் எல்லாம் ஒன்றிரண்டு கிலோவை ஏற்றி இறக்கும். சராசரி நான்கு வாரம் அசையவில்லை என்றால் தராசை மறுபடி ஒரு வாரம் எடுங்கள், பெரும்பாலும் எண்ணெயும் கொட்டைகளும்தான் நழுவியிருக்கும். அங்கே தவறில்லை என்றால் 100 கலோரி மட்டும் குறையுங்கள். பெண்கள் 1200, ஆண்கள் 1500 கலோரிக்குக் கீழே மருத்துவர் சொல்லாமல் போக வேண்டாம். அந்த அளவில் வீகன் உணவிலிருந்து சத்துக்களை எடுப்பது மிகக் கடினம்.

மாதவிடாய் நின்றுபோவது, முடி கொட்டுவது, எப்போதும் குளிருவது, எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே நினைப்பது, இவை வந்தால் குறைப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ‘ஆகாது’ என்ற பட்டியல் மாதாமாதம் நீண்டுகொண்டே போனாலும் அப்படித்தான். உணவைக் கண்டு பயம் வருவது வயிற்றுப் பிரச்சினையைவிடப் பெரியது, அதற்கும் உதவி உண்டு.

10. மொத்தம் எவ்வளவு காலம்?

பரிசோதனையும் குறிப்பேடும் இரண்டு முதல் நான்கு வாரம் (கோதுமையை ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் அதோடு இன்னும் ஆறு வாரம்). விலக்கல் இரண்டு முதல் ஆறு, திரும்பச் சேர்த்தல் ஆறு முதல் எட்டு. ஆக, எடை குறைக்கத் தொடங்குவதற்கே மூன்று நான்கு மாதம் ஆகும். பொறுமை போய்விடும் என்று தெரியும். அந்த மாதங்களில் புரதத்தையும் நடையையும் பழக்கிக்கொள்ளுங்கள், சிலருக்கு அதிலேயே கொஞ்சம் இறங்கும். அதற்குப் பிறகு ஆறு மாதத்தில் உங்கள் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தம், சர்க்கரையில் மாற்றம் தெரியும்.

பி12, ஃபெரிட்டின், வைட்டமின் டி மூன்றையும் தொடங்கி ஆறு மாதத்தில் ஒரு தடவையும், அப்புறம் வருடத்துக்கு ஒரு தடவையும் பாருங்கள். அதே வேளையில் ஆகாது என்று ஒதுக்கிய உணவு ஒன்றை எடுத்து நான்காவது படியின்படி மறுபடி சோதியுங்கள், குடல் மாறிக்கொண்டே இருக்கும். போன வருடம் எனக்குக் கால் கப்பில் நின்றிருந்த கொண்டைக்கடலை இப்போது முக்கால் கப் ஆகிறது.